மீகாமனின் இடம்

தமிழ்க் கவிதையில் கடல் அதிகம்; கப்பல் குறைவு; கப்பலைச் செலுத்தியவன் அபூர்வம். பக்தி இலக்கியத்துக்குப் பிறவி ஒரு கடல். அதைக் கடக்க ஒரு தெப்பம் வேண்டும், அல்லது தோணி, அல்லது இறைவனின் பாதம். இந்தப் படிமத்தைக் கையாண்டவர்களில் எத்தனை பேர் கரையை விட்டு ஒரு கல் தூரமாவது போயிருப்பார்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். கவிதையைப் பற்றிப் பேசுகிற இடத்தில் கேட்டே ஆகவேண்டிய கேள்வி இது. பார்க்காத பொருளைப் படிமமாக்குவது குற்றமில்லை. பார்க்காத பொருள், படிமமாக மட்டுமே, தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும்போது அந்தச் சொல்லுக்கு என்ன நேர்கிறது என்பதுதான் என் அக்கறை.

நான் இருப்பது ரமணாசிரமப் பகுதியில். இங்கிருந்து கிழக்கே கடல் சுமார் நூறு கிலோமீட்டர். நடுவில் வேர்க்கடலைக் கொல்லைகளும் கரும்பும் செஞ்சிக் குன்றுகளும். கடலை நினைவுபடுத்துகிற பொருள் எதுவும் இங்கே கிடையாது. கார்த்திகையில் மலையுச்சிக் கொப்பரையில் ஏற்றுகிற தீபம் பல மைலுக்குத் தெரியும். கப்பல் வராத ஊரின் கலங்கரை விளக்கம் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். இருந்தும், 'மீகாமன்' என்ற சொல்லைப் புத்தகத்துக்கு வெளியே, மனிதர்கள் வாயால் நான் கேட்டது இங்கேதான்.

ரமணர் விரூபாக்ஷ குகையில் இருந்த காலத்தில் (1899-1916), ஊருக்குள் பிச்சைக்குப் போகிற அடியார்கள் பாடிக்கொண்டு போவதற்காக இயற்றியது அக்ஷரமணமாலை. நூற்றெட்டுக் கண்ணிகள். அவற்றுள் ஒன்றில் மீகாமன் வருகிறான். அல்லது, அவன் இல்லாத கலம் வருகிறது. காற்றில் சிக்கிய அந்தக் கலத்தின் கதி தனக்கு வரக்கூடாது என்று அருணாசலத்திடம் ஒரு விண்ணப்பம். எழுதியவர் திருச்சுழியில் பிறந்து, திண்டுக்கல்லிலும் மதுரையிலும் படித்தவர். 1896 செப்டம்பர் 1-ல் இங்கே வந்தவர், 1950 ஏப்ரல் 14-ல் மறையும்வரை இந்த மலையை விட்டு எங்கும் போகவில்லை. அவர் காலத்திலேயே மீகாமன் பேச்சு வழக்கில் இல்லை. அது பழைய இலக்கியச் சொல். சங்கப் பாடல்களில் நீகான் என்று வருகிறவன், பிறகு மீகாமன் ஆகிறான். பாரதியார் காலத்துக் கப்பல்களில் அவனுக்கு வேறு பெயர்.

பாராயணத்திலும், மலை சுற்றுகிறவர்களின் கூட்டங்களிலும் இந்தக் கண்ணி நாக்கில் வழுக்கிக்கொண்டு போகிறது. செங்கம் சாலை டீக்கடைக்காரரிடம் ஒருநாள் கேட்டேன், மீகாமன் என்றால் யார் என்று. "சாமி பேருதானே, சாமி" என்றார். இந்தப் பக்கத்தில் எல்லோருமே எல்லோருக்கும் சாமி. அவர் சொன்னதை நான் அறியாமை என்று எடுத்துக்கொள்ளவில்லை. ஆசிரமத்துக்கு வருகிற படித்தவர்களைக் கேட்டாலும், குரு என்பார்கள், ஈஸ்வரன் என்பார்கள். டீக்கடைக்காரர் அதையே சுருக்கமாகச் சொன்னார். சொல் உயிரோடு இருக்கிறது. அது குறித்த ஆள் மறைந்துவிட்டான். ஆள் மறைந்த பின்னும் சொல் இப்படிச் சரளமாக நடமாடுவது ஒரு மொழியின் பலமா, பலவீனமா என்பது எனக்கு நெடுநாளாகத் தீராத சந்தேகம். மீகாமன் நின்ற இடத்தை, அவன் கை வைத்திருந்த பொருளை, ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றியது இதனால்தான்.

*

எங்கே போய்ப் பார்ப்பது? தமிழ்நாட்டில் கடல் வரலாற்றைப் பற்றிப் பேச்சுக்குக் குறைவில்லை. ராஜேந்திர சோழன் 1025-ஐ ஒட்டிக் கடாரத்தின் மேல் கப்பல்களை அனுப்பியதை அவன் மெய்க்கீர்த்தி சொல்கிறது. பிடித்த ஊர்களின் பெயர்களை வரிசையாக, அடைமொழியோடு அடுக்குகிறது. அந்தக் கப்பல் எந்த மரத்தால் ஆனது, பாய் எத்தனை, எந்தக் காற்றைப் பிடித்துக்கொண்டு போனது, சுக்கானில் நின்றவன் பெயர் என்ன என்று ஒரு எழுத்துக்கூடக் கிடையாது. மன்னன் கரையில் இருந்துகொண்டு கடலை வென்றான். கல்லில் பொறித்தவனும் கரையில் இருந்தவன்தான்.

வ.உ.சி. 1906-ல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. 1908 மார்ச்சில் அவரைக் கைது செய்தார்கள். 1911-ல் கம்பெனி கலைந்தது. கப்பல்கள் கைமாறிப் போயின. அவற்றில் ஒரு பலகை, ஒரு சக்கரம், ஒரு மணி எங்காவது பார்க்கக் கிடைக்குமா என்று கேட்டால், சிறையில் அவர் இழுத்த செக்கைத்தான் காட்டுவார்கள். கப்பலோட்டிய தமிழன் என்று பெயர் வைத்தோம். நம்மிடம் மிஞ்சியிருப்பது எண்ணெய் ஆட்டிய செக்கு. இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. தியாகத்தைக் கும்பிடத் தெரிந்த அளவுக்குத் தொழிலைப் பாதுகாக்க நமக்குத் தெரியாது.

கடைசியாக ஒரு சந்தர்ப்பம் வந்தது. வாக்லி என்ற நீர்மூழ்கி 2010 டிசம்பரில் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றது. அதை மாமல்லபுரத்தில் கரையேற்றி, கடல்சார் அருங்காட்சியகம் ஒன்று அமைக்கத் திட்டம் போட்டார்கள். நீர்மூழ்கியும் சென்னைத் துறைமுகம்வரை வந்து, அங்கே ஆண்டுக்கணக்கில் கிடந்தது. அருங்காட்சியகம் வரவில்லை. பல்லவர்களின் துறைமுகத்தில், கற்கோயிலுக்குப் பக்கத்தில், ஒரு இரும்புப் பிராணி படுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதோடு சரி.

ஆகவே காட்பாடிக்குப் போய் ரயில் பிடித்து விசாகப்பட்டினம் போனேன். அங்கே ராமகிருஷ்ணா கடற்கரையில், மணல்மேல், குர்சுரா இருக்கிறது.

*

குர்சுரா சோவியத் யூனியனில் கட்டப்பட்ட நீர்மூழ்கி. 1969 டிசம்பர் 18-ல், ரீகா துறைமுகத்தில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. ரீகா இப்போது லாட்வியாவின் தலைநகர். கப்பலைக் கட்டிய தேசம் 1991-ல் இல்லாமல் போயிற்று. கப்பல் அதற்குப் பிறகும் பத்து வருஷம் ஓடி, 2001 பிப்ரவரி 27-ல் ஓய்வு பெற்றது. முப்பத்தோரு வருஷ சேவையில் 73,500 கடல் மைல் போயிருக்கிறது. 1971 போரின்போது அரபிக்கடலில் ரோந்து சுற்றியது. ஓய்வுக்குப் பின், சுமார் ஐந்தரைக் கோடி ரூபாய் செலவில் இழுத்துக் கரையேற்றி, 2002 ஆகஸ்டில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். நீளம் 91 மீட்டர் சொச்சம். கரையில் நிற்கும்போது அதன் வயிறு முழுக்கத் தெரிகிறது. நீரில் இருந்த காலத்தில் யாரும் பார்க்கக்கூடாத பாகம் அது. இப்போது அதன் நிழலில் சோளக்கதிர் சுடுகிறார்கள்.

முன்பக்கம் படியேறி, உடலில் வெட்டிய வாசல் வழியாக நுழைந்து, பின்பக்கம் வெளியேற வேண்டும். முதலில் டார்பீடோ அறை. முன்னால் ஆறு குழாய்கள், பின்னால் நான்கு. மொத்தம் இருபத்திரண்டு டார்பீடோக்களைச் சுமந்தது. அவற்றுக்கு இடையிலேயே ஆட்கள் படுக்கிற தட்டுகள். ஏழு அறைகள், ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே வட்டமான துவாரம். காலை முதலில் நீட்டி, தலையைக் குனிந்து, உடம்பைப் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் ஒரு பாட்டி பேரனிடம், "இதுக்குள்ளயாடா இருந்தாங்க?" என்று தமிழில் கேட்டுக்கொண்டே வந்தாள். எழுபதுக்கும் மேற்பட்டவர்கள், வாரக்கணக்கில், இதற்குள்ளேதான் இருந்தார்கள். குளிக்கத் தண்ணீர் கிடையாது. ஒருவன் எழுந்த படுக்கையில், சூடு ஆறுவதற்குள் இன்னொருவன் படுத்தான். தரைக்கடியில் மின்கலங்கள். நீருக்கடியில் மின்சாரத்தில் ஓடும். மின்கலம் தீர்ந்தால் டீசல் எஞ்சினை ஓட்டியாக வேண்டும். எஞ்சினுக்குக் காற்று வேண்டும். காற்றுக்காக மேற்பரப்புக்கு அருகில் வந்து ஒரு குழாயை நீட்ட வேண்டும். மறைந்திருப்பதற்காகவே செய்த யந்திரம், மூச்சு விடுகிற நேரத்தில் பிடிபட்டுவிடும்.

மாலுமி உடை மாட்டிய பொம்மைகள் ஆங்காங்கே நிற்கின்றன. பொம்மைகள் இல்லாமலிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆள் இல்லாத படுக்கை ஆளைப் பற்றிச் சொல்வதைப் பொம்மை சொல்லவிடுவதில்லை.

நான் தேடி வந்தது நடு அறையில் இருந்தது. கட்டுப்பாட்டு அறை. பெரிஸ்கோப்பின் தடித்த தண்டு கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போகிறது. அதில் கண் வைப்பவர் கமாண்டர். சுக்கான் பிடிப்பவன் இடம் வேறு. அவனுக்கு முன்னால் இரும்புச் சுவர், சுவரில் டயல்கள். திசைகாட்டியின் முள், ஆழமானியின் முள், சுக்கான் எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறது என்று காட்டுகிற முள். ஜன்னல் இல்லை. கடல் இல்லை. நட்சத்திரமும் கரையும் காற்றும் இல்லை.

சுற்றிக் காட்டுகிறவர் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். தெலுங்கர், கூட வேலை பார்த்தவர்களிடம் தமிழ் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். சுக்கானில் உட்கார்ந்திருப்பவருக்கு எங்கே போகிறோம் என்று தெரியுமா என்று கேட்டேன்.

"அவருக்குத் தெரிய வேண்டியதில்லை சார். சொன்ன டிகிரியில் பிடித்திருக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் வேலை."

"பயமாக இருக்காதா?"

"முள் அசையாமல் இருக்கிறதா என்று பார்க்கவே நேரம் சரியாக இருக்கும். பயப்படுகிறவன் வேலையில்லாமல் படுத்திருக்கிறவன்" என்றார். பின்னால் வந்த கூட்டம் தள்ளியதால் நகர்ந்துவிட்டோம்.

'மீ' என்றால் மேல். சொற்பிறப்பு பற்றி வாதாட எனக்குத் தகுதியில்லை. ஆனால் மீகாமன் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் உயரத்தில் நிற்கிற ஒருவன்தான் என் மனசில் வந்திருக்கிறான். காற்று முகத்தில் அடிக்க, மற்றவர்கள் பார்க்காததைப் பார்த்துக்கொண்டு நிற்பவன். குருவையும் ஈஸ்வரனையும் மீகாமன் என்று சொல்லத் தோன்றியதற்கு அந்த உயரமே காரணமாக இருக்கலாம். குர்சுராவில் அந்த இடம் கீழே இருக்கிறது. பார்வையை ஒருவருக்கும், கேட்பதைச் சோனார் அறையில் காதில் கருவி மாட்டிய இன்னொருவருக்கும், திசையை வரைபடத்தின் முன் இருக்கிற மூன்றாமவருக்கும் பிரித்துக் கொடுத்தாயிற்று. மீகாமனுக்கு மிஞ்சியது கை மட்டும். முழு மனிதன் செய்த காரியத்தை யந்திர நாகரிகம் உறுப்பு உறுப்பாகப் பங்கு போட்டுவிட்டது என்று நாம் எத்தனையோ கட்டுரைகளில் எழுதியிருக்கிறோம், படித்திருக்கிறோம். அந்த வாக்கியம் ஸ்தூலமாக, இரும்பில், ஒரு நாற்காலி அளவில் முன்னால் இருந்தது.

அதோடு இன்னொன்றும் தோன்றியது. ரமணரின் கண்ணி கேட்பது பார்வையை இல்லை. எங்கே போகிறேன் என்று எனக்குக் காட்டு என்று அது கேட்கவில்லை. பிடித்துக்கொள்ள ஒருவன் வேண்டும் என்கிறது. அப்படிப் பார்த்தால், ஜன்னல் இல்லாத அந்த நாற்காலி அந்தக் கண்ணிக்கு நான் நினைத்ததைவிட அருகில் இருக்கிறது. உயரத்தில் நிற்கிற மீகாமன் நான் கற்பித்துக்கொண்டது. கண்ணியில் உயரம் இல்லை.

*

நீர்மூழ்கிக்கு மௌனம் ஆயுதம். எதிரி தேடுகிறான் என்று தெரிந்தால், மின்விசிறிமுதல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, வேலையில்லாதவர்கள் படுக்கையில் அசையாமல் கிடக்க வேண்டும். கை நழுவி விழுகிற ஒரு ஸ்பேனரின் சத்தம் எல்லோரையும் கொன்றுவிடலாம். விரூபாக்ஷ குகையின் இருட்டில் உட்கார்ந்து பழகியவனுக்கு, இந்த மௌனத்தையும் அந்த மௌனத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றும். சுலபமாகத் தோன்றுகிற ஒப்புமை. சுலபமாக இருப்பதாலேயே சந்தேகப்பட வேண்டியது. குகையில் மௌனமாக இருப்பவன் வெளியே யாரும் கேட்டுக்கொண்டிருப்பதாக நினைப்பதில்லை. நீர்மூழ்கியின் மௌனம் முழுவதும் வெளியே இருக்கிற காதைப் பற்றியது. இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல். அகராதி இந்த வித்தியாசத்தைச் சொல்லாது.

குர்சுரா கிடக்கிற கடற்கரையிலேயே 1971 போரின் வெற்றிக்காக 1996-ல் எழுப்பிய ஸ்தூபியும் இருக்கிறது. அங்கிருந்து பார்க்கிற கடலில்தான், அதிக தூரமில்லை, இன்னொரு நீர்மூழ்கி கிடக்கிறது. பாகிஸ்தானின் காஜி. அமெரிக்கக் கடற்படையில் டயாப்லோ என்ற பெயரில் இருந்து, பாகிஸ்தானுக்கு வந்தது. 1971 டிசம்பர் 3-க்கும் 4-க்கும் இடைப்பட்ட இரவில் இந்தத் துறைமுகத்துக்கு வெளியே மூழ்கியது. ராஜ்புத் என்ற நமது கப்பல் போட்ட வெடியால் என்று நாம் சொல்கிறோம். அதனுடைய கண்ணிவெடியே வெடித்தது என்று அவர்கள் சொல்கிறார்கள். உள்ளே இருந்த தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அந்த எஃகு உடல் இன்னும் கடல் தரையில் இருக்கிறது.

ஒரு நீர்மூழ்கியை மணல்மேல் ஏற்றி டிக்கெட் போட்டிருக்கிறோம். இன்னொன்று, உள்ளே ஆட்களோடு, கூப்பிடு தூரத்தில் என்று சொல்லத்தக்க இடத்தில் கிடக்கிறது. அருங்காட்சியகத்தின் பலகைகளுக்கு ஒரு மொழி உண்டு: நீளம், எடை, வேகம், வீரம், வெற்றி. அது பொய்யான மொழி இல்லை. போரில் ஈடுபட்ட கடற்படைக்கு அப்படிப் பேச உரிமை உண்டு. ஆனால் அந்த மொழியில் காஜியின் சுக்கானில் உட்கார்ந்திருந்தவனைப் பற்றிப் பேச முடியாது. அவனுக்கு முன்னாலும் இரும்புச் சுவர்தான் இருந்திருக்கும். அவனும் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பான். மீகாமன் இருந்தும் கவிழ்ந்த கலம் அது. விண்ணப்பத்தில் இதற்கு இடம் இருக்கிறதா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். எந்தப் பிரார்த்தனையும் நம் பக்கத்துக் கலத்துக்காகத்தான்.

இதை எழுதும்போது இறந்தவர்களைக் கட்டுரைக்கு உபயோகப்படுத்துகிறேனோ என்ற கூச்சம் வருகிறது. கடலைப் பிறவி என்று எழுதி வந்த மரபுக்கு இந்தக் கூச்சம் வேண்டும் என்று நினைக்கிறேன். பிறவிக்கடலில் மூழ்கியவர்கள் உண்டு. தண்ணீரில் மூழ்கியவர்களும் உண்டு. பின்னவர்களைப் பற்றி முன்னதன் பாஷையிலேயே பேசிப் பேசி, 2004 டிசம்பர் 26-ல் கடல் நிஜமாகவே ஊருக்குள் வந்தபோது, நம்மில் பலரிடம் சொல் இல்லாமல் போயிற்று. அப்போது எழுதப்பட்ட கவிதைகளில் கடல் தாயாயிற்று, பேயாயிற்று, சினம்கொண்ட காளியாயிற்று. கடல் கடலாக வந்த கவிதை எத்தனை?

*

பொருளைப் பத்திரப்படுத்தினால் போதும் என்று நம்பவும் முடியவில்லை. விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பல் 1961 முதல் 1997 வரை சேவையில் இருந்தது. பிறகு 2001 முதல் 2012 வரை பம்பாயில் மிதக்கும் அருங்காட்சியகமாக நின்றது. பராமரிக்க முடியாமல் மூடி, ஏலம் போட்டு, 2014 நவம்பரில் உடைக்கத் தொடங்கினார்கள். 2016-ல் அதன் இரும்பு சேர்ந்த மோட்டார் சைக்கிளை பஜாஜ் கம்பெனி விற்றது. இதைக் கேட்டு வருத்தப்பட்டவர்கள் நிறைய. எனக்கு வருத்தம் முழுசாக வரவில்லை. கப்பல் ஓடுவதற்கு, மோட்டார் சைக்கிளும் ஓடுவதற்கு. அருங்காட்சியகம் மட்டும் நின்றுகொண்டிருப்பதற்கு.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு உதாரணம் நியூஸிலாந்தில் இருக்கிறது. வெலிங்டன் நகரத்து டெ பாப்பா அருங்காட்சியகத்தில் ஒரு வெண்கல மணியின் மேல்பாகம் உள்ளது. வில்லியம் கொலென்ஸோ என்ற பாதிரி 1836-ஐ ஒட்டி அதைக் கண்டபோது, மாவோரிப் பெண்கள் அதைக் கவிழ்த்து உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு இரும்புப் பானையைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். விளிம்பைச் சுற்றி இருந்த எழுத்து தமிழ். முகையதீன் வக்குசு உடைய கப்பலின் மணி என்கிறது. எந்தத் துறையிலிருந்து கிளம்பிய கப்பல், எந்தக் காற்று அவ்வளவு தூரம் தள்ளியது, அல்லது மணி மட்டும் கைமாறிப் போனதா என்பதெல்லாம் இன்றும் யூகம். எனக்கு இரண்டு விஷயங்கள் முக்கியமாகப் படுகின்றன. ஒன்று, அதில் நாவாயும் வங்கமும் கலமும் இல்லை. வேலை செய்கிறவன் சொல்கிற 'கப்பல்'தான் இருக்கிறது. இரண்டு, அந்த எழுத்து நம்மிடம் வந்து சேர்ந்தது யாரும் அதைப் போற்றிக் காத்ததால் இல்லை. பானையாக உபயோகப்பட்டதால் அது பிழைத்தது.

அக்ஷரமணமாலையில் மீகாமன் பிழைத்திருப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். பிச்சைக்குப் போகிறவர்கள் வாய்க்காக எழுதியது. நூறு வருஷத்துக்கு மேலாக அது உபயோகத்தில் இருக்கிறது. டீக்கடைக்காரருக்குச் சாமி பெயராகிவிட்டாலும், அந்தச் சொல்லை வைத்து யாரோ எதையோ கேட்கிறார்கள். கேட்பதற்குப் பயன்படுகிற சொல்லைப் பழைய சொல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. நம் கவிதைகளில் மீகாமனும் நாவாயும் வரும்போது நிலைமை வேறு. அங்கே அவை காட்டப்படுகின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள், கீழே விளக்கப் பலகையோடு, தொடாதீர்கள் என்ற எச்சரிக்கையோடு. குர்சுராவில் உடை மாட்டிய பொம்மைகளைப் பார்த்தபோது சில கவிதைகள் ஞாபகத்துக்கு வந்ததை இங்கே சொல்லத்தான் வேண்டும். பெயர் சொல்லிப் புண்படுத்த உத்தேசமில்லை.

கடற்கரைக்காரர்களிடம் சொல் இல்லாமலில்லை. திசைக்கு ஒரு காற்று: வாடை, கொண்டல், சோழகம், கச்சான். கட்டுமரம் என்ற அவர்கள் சொல், ஐரோப்பிய மொழிகளுக்குப் போய், இரட்டை உடல் கொண்ட உல்லாசப் படகுக்குப் பெயராகிவிட்டது. நம் கடற்கரையிலோ கட்டுமரத்தின் இடத்தைப் பெரும்பாலும் ஃபைபர் படகுகள் பிடித்துக்கொண்டன. கடற்படைகூடத் தன் முதல் நீர்மூழ்கிக்கு, 1967-ல், கல்வாரி என்று புலிச்சுறாவின் பெயரை மீனவர் பேச்சிலிருந்தே எடுத்தது. இலக்கியம்தான் தாமதமாக வந்தது. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977-ல் வந்தது. ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' 2004-ல். உரைநடைக்குள் அந்த மனிதர்கள் தங்கள் பேச்சோடு நுழைந்துவிட்டார்கள். கவிதையின் வாசலில் இன்னும் நாவாய்தான் நிற்கிறது.

தூத்துக்குடியில் தோணியைச் செலுத்துகிறவருக்குத் தண்டல் என்று பெயர். திருவண்ணாமலையில் தண்டல் என்றால் தினமும் சாயங்காலம் வந்து வட்டிப்பணம் வசூலிக்கிறவர். ஒரே எழுத்து, ஒரே ஒலி. கரையில் ஒரு ஆள், உள்நாட்டில் வேறொரு ஆள். இந்த இடைவெளிதான் நான் ஆரம்பத்திலிருந்து சொல்ல முயல்வது. மீகாமன் இந்த இடைவெளியை அழகாக மூடி மறைத்துவிடுகிறான். தண்டல் மறைக்கமாட்டார்.

தூத்துக்குடிப் பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குத் தோணிகள் இன்றும் போகின்றன. சிமெண்டும் செங்கல்லும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். மழைக்காற்று மாதங்களில் ஓட்டம் இல்லை. பாயோடு எஞ்சினும் வந்துவிட்டது, திசை சொல்லக் கையடக்கக் கருவியும் வந்துவிட்டது. ஆனாலும் அந்தத் தண்டலுக்கு முன்னால் சுவர் இல்லை. அவர் என்ன பார்க்கிறார், பார்ப்பதற்கு என்னென்ன பெயர் வைத்திருக்கிறார், கருவியின் முள்ளும் அவர் கண்ணும் முரண்படும்போது எதை நம்புகிறார் என்று கேட்டுக்கொண்டு வந்த ஒரு கவிஞனின் பத்து வரி, எனக்கு ஒரு அருங்காட்சியகத்தைவிட உபயோகமாக இருக்கும். அந்த வரிகளில் அவர் தண்டலாகவே வரட்டும். மீகாமன் என்று மாற்றிவிட வேண்டாம்.